செங்கல் வெச்ச இடம்

— பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இது என் இடம். என் செங்கல் எங்கே?

— எந்தச் செங்கல், தங்கச்சி?

— சுண்ணாம்புல ‘தொவா’ன்னு பேர் எழுதின செங்கல்! காலையில அஞ்சு மணிக்கே இந்த டிக்கெட் வரிசையில வெச்சுட்டு, கடைக்கு ஓடிப் போய் நத்தை நூடுல்ஸ் வித்துட்டு வர்றேன்.

— அதுவா? அதோ, குப்பைத்தொட்டி ஓரமாக் கிடக்கு. பசங்க காலால தள்ளிட்டாங்க.

— நல்லா இருக்கே! நீங்க ஹனோய்ல பொறந்தவர்தானே? ரேஷன் காலத்துல அரிசி வரிசையில நமக்குப் பதிலா செங்கல்தானே நின்னுச்சு? பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தீங்களாக்கும்!

— நானே செருப்பை வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன், தங்கச்சி.

— செருப்பா! செங்கலுக்கு முன்னாடி செருப்பு நிக்குமா? இருங்க, என் செங்கலை எடுத்துட்டு வந்து பேசிக்கிறேன்.

— அத்தை, தாத்தா, சண்டை போடாதீங்க. உள்ளே வெளிநாட்டு விருந்தாளிங்க எல்லாம் வந்திருக்காங்க. இந்தப் பழைய படத்துக்கு என் கவுண்டர்ல ஒரே ஒரு டிக்கெட்தான் பாக்கி.

— ஒண்ணுதானா? கண்ணு, அதை என்கிட்ட குடும்மா! நாப்பது வருஷமாக் காத்திருக்கேன். அந்தப் படத்துல நான் நடிச்சிருக்கேன்!

— நிஜமாவா அத்தை? ஹீரோயினாவா?

— கூடையோட வாய்க்காலைத் தாண்டிப் போற பொண்ணு. பதினெட்டு வயசு எனக்கு. படம் வந்தப்போ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கிடந்தேன். அப்புறம் அது பெட்டிக்குள்ள போனதுதான். இப்போதான் துடைச்சுப் புதுசாக்கி, இந்தப் பட விழாவுல போடறாங்க. நான் இருக்கேனா, வெட்டித் தூக்கிட்டாங்களான்னுகூடத் தெரியாது. எங்க தெருவே என்னைப் பொய்க்காரிங்குது!

— கூடையில என்ன இருந்துச்சு, தங்கச்சி?

— ரெண்டு வாத்து! ஒண்ணு என் விரலைக் கடிச்சுக் குதறிடுச்சு. அந்த டைரக்டர் நாசமாப் போக! தெத் புத்தாண்டுக்கு முந்தின குளிர்ல, இடுப்பளவு தண்ணியில, பதினோரு தடவை நடக்க விட்டான். ‘இன்னொண்ணு, இன்னொண்ணு’ன்னே உசிரை வாங்கினான். மூணு நாள் காய்ச்சல் எனக்கு. அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா...

— கிடைச்சா?

— இந்தச் செங்கலாலயே மண்டையில ஒண்ணு போடுவேன்!

— பாப்பா, அந்த டிக்கெட்டை இவங்களுக்கே குடுத்துடு.

— பெரியவரே! ஐயோ, நீங்க மகராசனா இருக்கணும்! சரி, அப்போ நீங்க?

— என்கிட்ட அழைப்பு அட்டை இருக்கு. முன்வரிசை. பின்னாடி ஜனங்களோட உட்கார்ந்து, எங்கே சிரிக்கிறாங்க, எங்கே தூங்கறாங்கன்னு பார்க்கத்தான் வரிசையில நின்னேன்.

— முன்வரிசையா? அப்படி நீங்க யாரு, சொல்லுங்க பார்ப்போம்?

— முதல்ல அந்தச் செங்கலைக் கீழே வை, தங்கச்சி. பதினோரு தடவை இல்லை, பன்னெண்டு. படத்துல இருக்கறது, முதல் தடவை எடுத்தது.