சராசரிக்குக் கீழே

ஊசி போடாமல் அனுப்பினால் எங்கள் திருச்சுழிப் பக்கத்து ஆட்களுக்குக் கோபம் வந்துவிடும், சார். "வெறும் மாத்திரைக்கா பஸ்ஸு ஏறி வந்தேன்?" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு எப்போதோ அலுத்துவிட்டது.

மாரிக்கனியும் அப்படித்தான் வந்தாள். கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவள். இடுப்பும் முழங்காலும் விட்டுப்போயிருந்தன. ஓய்வெடு என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் ஓய்வெடுத்தால் வீட்டில் உலை கொதிக்காது. ஸ்டீராய்டு ஊசி போட்டேன். மறுநாளே அரிவாளை எடுத்துவிட்டாள். பிறகு வாராவாரம் வந்தாள், இரண்டு வருடம். முகம் உருண்டு கன்னம் உப்பியது. அது மருந்தின் வீக்கம். அவளோடு வேலை செய்கிறவர்களோ, "என்னடி, ஆத்தா வீட்டுக்குப் போயி உக்காந்து தின்னியா?" என்று கேலி செய்தார்களாம். அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, "எல்லாம் டாக்டரய்யா கைராசி" என்றாள். கேட்க நன்றாக இருந்தது. நான் திருத்தவில்லை.

அவளைப்போல் நிறையப் பேர். அதனால்தான் சுகாதாரத் துறையின் மாவட்டக் கூட்டத்தில் என் பெயரைத் திரையில் போட்டார்கள். ஸ்டீராய்டு எழுதுவதில் நாட்டுச் சராசரி ஒரு குட்டைக் கோடு; பக்கத்தில் என் கிளினிக் பனைமரம்போல் நின்றது. நேற்று படித்து வந்த டாக்டர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கு உடம்பே கூசியது. மாதக் கடைசிக்குள் சராசரிக்கு வராவிட்டால் கிளினிக்கைப் பூட்டிவிடுவோம் என்றார்கள்.

அந்த மருந்தைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், சார். வெகுநாள் கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் ஆள் சாய்ந்துவிடும். எனக்குத் தெரியாததல்ல. ஆனால் படிப்படியாகக் குறைத்தால் கோடு அந்த மாதத்துக்குள் இறங்காது. அதனால் மறுநாளே எல்லோருக்கும் நிறுத்திவிட்டு, வெறும் சத்து ஊசி போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

மாதம் முடியப்போகிற சமயத்தில் மாரிக்கனியை அவள் புருஷன் நல்லகண்ணு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"வாந்தி நிக்கலய்யா. எந்திரிக்கவே மாட்டேங்கிறா. முந்திப் போட்ட ஊசியவே போட்டுவிடுங்க."

அவன் சொன்னதுதான் சரியான வைத்தியம். மருந்து மேசை இழுப்பறையிலேயே இருந்தது. ஆனால் இவளுக்குப் போட்டால் வெளியே பெஞ்சில் இவளைப்போலவே சுருண்டு கிடந்தவர்களுக்கும் போட வேண்டியிருக்கும்.

"ஊசி மாறிப்போச்சாய்யா?" என்று மாரிக்கனி மெதுவாகக் கேட்டாள்.

"அதே ஊசிதாம்மா" என்றேன்.

சத்து ஊசியைப் போட்டேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் காலை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே செத்துப்போனாள். பெஞ்சில் கிடந்தவர்களில் இன்னும் இரண்டு பேரும் அந்த வாரத்தில் போய்விட்டார்கள். அவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

கோடு நாட்டுச் சராசரிக்குக் கீழேயே இறங்கிவிட்டது. பாராட்டிக் கடிதம்கூட வந்தது.

உங்கள் விசாரணை அறிக்கையில் எது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், சார். கவனமில்லாத டாக்டர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எங்கள் வீட்டிலும் முழங்கால் வலிக்காரர்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்குக்கூட அந்த ஊசியை நான் போட்டதே இல்லை.