பெயிலாக்கியவருக்காக ஒரு கடிதம்

கல்முனை பஸ் நிலையத்தில் எனக்கு முன்னால் ஒரு இளம் கணவனும் மனைவியும் நின்றார்கள். கணவன் கேட்டது காதில் விழுந்தது.

“உன்னப் பெயிலாக்கின ஆளுக்கா விருது குடுக்கச் சொல்லி எழுதின?”

“ஓம் மச்சான். நல்லாப் படிப்பிக்கிற விரிவுரையாளருக்குக் குடுக்கிற விருது. பழைய மாணவர்களையும் எழுதச் சொன்னாங்க.”

“அவரு அப்பிடி என்ன செஞ்சாரு?”

“பெயிலான உடனே படிப்ப உட்டுப்போட்டு வரத்தான் இரிந்தன். கடைசியா அவர்ட அறைக்குப் போனன். என்ட விடைத்தாள எடுத்து, ‘இந்தக் கணக்க ஏன் இப்பிடிச் செஞ்ச’ எண்டு கேட்டாரு. அவர் படிப்பிச்ச மாதிரியே செஞ்சி காட்டினன். அவர்ட பாடக்குறிப்பையும் எடுத்து வெச்சிப் பாத்தாரு. அடுத்த நாள் வகுப்புல, ‘இதப் பிழையாப் படிப்பிச்சது நான்தான், மன்னிச்சிக்கங்க’ எண்டு செல்லி, முதல்ல இரிந்து படிப்பிச்சாரு.”

“உனக்குப் பாஸ் போட்டாரா?”

“இல்ல. எல்லாருக்கும் திரும்பச் சோதினை வெச்சாரு. அதுல பாஸ்.”

“கடிதத்துல பேர் போட்டயா?”

“பேர் போடக்கூடாது. ஆனா கடிதத்த அவருக்குக் காட்டினதும் அவருக்கு வெளங்கிட்டு. விருது அவருக்குத்தான் எண்டு அறிவிச்ச அண்டைக்கு போன்ல கோல் எடுத்து, ‘நான் பிழை விட்டதப் புகழ்ந்து எழுதினது நீதானே புள்ள’ எண்டு கேட்டாரு. இண்டைக்கு விழாவுக்கு வரட்டாம்.”

“நீ என்ன சென்ன?”

“‘ஓம் சேர், நான்தான்’ எண்டு செல்லி அழுதிட்டன்.”

பஸ் வந்தது. கணவன் அவளுடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

“விழாவுல முன்வரிசையில இரிப்பம்,” என்றான்.