இருமுறை பிறந்த நிதியாண்டு

அவைக்கு அணியாக வீற்றிருக்கும் தலைவர் இம்மானுவேல் அண்ணாச்சி அவர்களே! வரவேற்புரை என்ற பெயரில் என்னுடைய நேரத்தையும் சேர்த்துப் பேசி முடித்துவிட்ட செயலாளர் ராக்கப்பன் அவர்களே! போன வாரம் முழுவதும் எங்கள் முரட்டு விரல்களுக்குக் கணினி வித்தை கற்பித்த பயிற்சியாளர் நாகஜோதி அவர்களே! ஏலம் மணக்கும் போடியிலிருந்தும், திராட்சை தொங்கும் ஓடைப்பட்டியிலிருந்தும், தேனிக் கடைவீதியிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! கல்லாவில் அமர்ந்தாலும் களத்தில் நின்றாலும் கணக்குப் பிசகாத தாய்மார்களே! முன்வரிசையில் இருக்கும் என் அன்புச் சகோதரி ஜெபா அவர்களே! மூன்றாம் வரிசையில் தலை குனிந்திருக்கும் சுந்தர்ராஜ் அண்ணாச்சி அவர்களே! உங்கள் எல்லோருக்கும் போடியில் நோட்டும் பேனாவும் விற்கும் இந்தச் சுகிர்தத்தின் வணக்கம்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'மேக்ரோவால் தேய்மானம் கணக்கிடுவதன் நன்மைகள்'. புகழ்ந்து பேசத்தான் எழுதி எடுத்து வந்தேன். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். மனம் கனக்கிறது. ஒரு கதையைச் சொல்லத்தான் வாய் வருகிறது. சம்பந்தப்பட்ட இருவரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

தேய்மானம் என்றால் என்ன? வாங்கிய இயந்திரம் ஆண்டுக்கு ஆண்டு பழசாகிறது. பழசானதற்காக அதன் மதிப்பில் ஒரு பங்கை ஒவ்வொரு நிதியாண்டும் கழிக்கிறோம். மேக்ரோ என்றால் என்ன? அந்தக் கழித்தலை நாம் உட்கார்ந்து போடாமல், ஒரு பொத்தானை அழுத்தினால் எக்செல்லே போட்டு முடிப்பது. என்ன தாயி, புரிகிறதா? தலையாட்டுகிறார்கள். நல்லது.

ஸ்டான்லி அண்ணனை உங்களில் அறியாதவர் உண்டா? தேனியில் பழமண்டி வைத்திருந்தாரே, அந்த ஸ்டான்லி! ஜெபாவின் கணவர். அவரும் சுந்தர்ராஜ் அண்ணாச்சியும் கூட்டாகச் சேர்ந்து ஓடைப்பட்டியில் குளிர்பதனக் கிடங்கு கட்டினார்கள். அவர் கும்பிட்டது வேறு, இவர் கும்பிட்டது வேறு. ஆனால் 'மாப்ளே' என்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டால் கடைவீதியே திரும்பிப் பார்க்கும். திராட்சை விலை விழுந்த நாளிலெல்லாம் விவசாயி தெருவில் கொட்டாமல் காத்தது எது? அந்தக் கிடங்கு! வெயில் வெளியே கொளுத்தினாலும் குலை உள்ளே குளிர்ந்து கிடந்தது எங்கே? அந்தக் கிடங்கில்!

சுந்தர்ராஜ் அண்ணாச்சியின் மருமகன் அஜய்குமார் ஒரு மேக்ரோ எழுதிக் கொடுத்தான். 'புதிய ஆண்டு' என்று ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினால் போன ஆண்டின் இறுதி மதிப்பு இந்த ஆண்டின் தொடக்க மதிப்பாகும், தேய்மானம் கழியும், புதுப் பத்தி ஒன்று முளைக்கும். கோப்பு ஒன்றுதான். தேனிக் கடையிலும் திறக்கும், ஓடைப்பட்டிக் கிடங்கிலும் திறக்கும்.

ஏப்ரல் முதல் தேதி வந்தது. நிதியாண்டு பிறந்தது. ஸ்டான்லி அண்ணன் காலையில் ஜெபம் செய்துவிட்டுத் தேனியில் பொத்தானை அழுத்தினார். தவறா? தவறே இல்லை!

சித்திரை முதல் நாள் வந்தது. நம் வழக்கம் என்ன? புதுக்கணக்கு! சுந்தர்ராஜ் அண்ணாச்சி குளித்து முழுகி, கணினிக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கீபோர்டுக்குக் கற்பூரம் காட்டி...

சிரிக்காதீர்கள். உங்கள் கடைத் தராசுக்கு நீங்கள் காட்டவில்லையா?

...அதே பொத்தானை அழுத்தினார். தவறா? அவர் அறிந்தவரை அதுவும் தவறே இல்லை! ஒரே நிதியாண்டு, ஒரே மாதத்தில் இரண்டு முறை பிறந்தது. ஒரே இயந்திரம், ஒரே மாதத்தில் இரண்டு வயது மூத்தது.

மாலையில் ஓடைப்பட்டியிலிருந்து தேனிக்குப் போன் வரும். "மாப்ளே, புதுக்கணக்குப் போட்டாச்சு." "தெரியும் மாப்ளே, நல்லா இருப்போம்." அவர் நினைத்தது தான் அழுத்தியதை; இவர் நினைத்தது தான் அழுத்தியதை. இப்படியே ஆண்டுகள் ஓடின.

பின்னால் ஒரு தம்பி, ஆடிட்டர் என்ன செய்தார் என்று கேட்கிறார். நல்ல கேள்வி. ஆடிட்டர் வரிக்கணக்கைத் தனியாகப் போட்டார், சரியாகவே போட்டார். இவர்கள் அதில் கையெழுத்துப் போட்டார்கள், புரட்டிப் பார்க்கவில்லை. சொந்தக் கோப்பு கையில் இருக்கிறதே என்ற நம்பிக்கை.

அந்தக் கோப்பில் இயந்திரத்தின் மதிப்பு கரைந்தது. ஸ்டான்லி அண்ணன் அதைப் பார்த்தார். "நல்ல கம்ப்ரசர் இம்புட்டுச் சீக்கிரம் எப்படித் தேயும் மாப்ளே? அங்கன என்னதான் பண்ணுற?" என்றார். சுந்தர்ராஜ் அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. "மதிப்பக் கொறச்சு எழுதி என்னைய வெளியேத்தப் பாக்குறியா?" என்றார். அவ்வளவுதான். கிடங்குக்கு நேரில் போய்க் கதவைத் திறந்து கையை நீட்டியிருந்தால், குளிர் சொல்லியிருக்கும் உண்மையை! இருவரும் போகவில்லை. திரையையே பார்த்தார்கள், திரையையே நம்பினார்கள், ஒருவரை ஒருவர் நம்பவில்லை. கூட்டு முறிந்தது. கோப்பில் இருந்த விலைக்கே கிடங்கு வெளியாள் கைக்குப் போனது. அது இன்றும் ஓடுகிறது, ஐயா! நேற்றுகூட அந்த வழியாக வந்தேன், வாசலில் லாரி நிற்கிறது.

போன ஐப்பசியில் ஸ்டான்லி அண்ணன் காலமானார். சாவுக்கு வந்த சுந்தர்ராஜ் அண்ணாச்சி தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார்.

போன வாரம் இதே மண்டபத்தில் பயிற்சி. அவரவர் பழைய கோப்பைக் கொண்டுவரச் சொன்னார் நாகஜோதி. சுந்தர்ராஜ் அண்ணாச்சி அந்தக் கோப்பைத்தான் கொண்டுவந்தார்.

"அண்ணாச்சி, மெஷின் வாங்கி விக்கிற வரைக்கும் எத்தன வருசம்?"

"ஆறு தாயி."

"இதுல பன்னெண்டு தடவ தேஞ்சிருக்கே?"

'இந்த ஆண்டுக்கு ஏற்கெனவே போட்டாயிற்றா' என்று கேட்கும் ஒற்றை வரி அந்த மேக்ரோவில் இல்லை என்று நாகஜோதி விளக்கினார். அண்ணாச்சியின் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. செய்ததைத் திருப்பும் கன்ட்ரோல் இசட்டை அழுத்திக்கொண்டே இருந்தார். நாகஜோதி மெல்லச் சொன்னார்: "மேக்ரோ ஓடுனத அப்படித் திருப்ப முடியாது அண்ணாச்சி." "வழியே இல்லையா தாயி?" என்று கேட்டார் அவர்.

அன்று சாயங்காலமே ஜெபாவின் வீட்டுக்குப் போனார். நானும் உடன் போனேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, "அவன் போற வரைக்கும் என்னையக் களவாணின்னே நெனச்சிருப்பான் தங்கச்சி" என்று கதறினார். ஜெபா சொன்னதை அவர் முன்னிலையிலேயே சொல்கிறேன்.

"இல்லண்ணே. அவுக அப்படி நெனைக்கல. 'மெஷின் கெட்டுப்போனா போகட்டும், மாப்ளே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல'ன்னுதான் கடைசி வரைக்கும் சொன்னாக. உங்க போன் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தாக."

கெடாத இயந்திரத்தை மன்னித்துவிட்டு, வராத போனுக்காகக் காத்திருந்திருக்கிறார் அந்த மனிதர்! எந்தப் பொத்தானை அழுத்தி இதைத் திருப்புவது? எந்த ஆண்டின் பத்தியில் இதைக் கழிப்பது?

பெருமக்களே! மேக்ரோவைக் கற்றுக்கொள்ளுங்கள், நல்ல வித்தைதான், நான் குறை சொல்லவில்லை. ஏப்ரலில் அழுத்துங்கள், சித்திரையில் அழுத்துங்கள், சந்தனம் வைத்தே அழுத்துங்கள். அழுத்துவதற்கு முன்னால் கூட்டாளிக்கு ஒரு போன் போட்டு, "மாப்ளே, நீ அழுத்திட்டியா?" என்று கேளுங்கள். சுந்தர்ராஜ் அண்ணாச்சிக்கு அப்படிக் கேட்க இனி ஆள் இல்லை.

கைதட்ட வேண்டாம். இதைப் பேச அனுமதித்த ஜெபாவுக்கும் அண்ணாச்சிக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இன்றே பேச வேண்டியவரிடம் பேசிவிட்டுப் படுங்கள். வணக்கம்.