அஞ்சரை மணி ரோடு

பஞ்சாலை: ...அதெல்லாம் சரி முகுந்தா, அந்தப் பேப்பர அங்கிட்டு வையி. பசியாறியாச்சா?

முகுந்தன்: அப்பவே ஆச்சுண்ணி. இந்தாங்க, பேனா.

பஞ்சாலை: வந்ததுலேருந்து பேனாவையே நீட்டிக்கிட்டு நிக்கிற. கால் ஒடஞ்சவளப் பாக்க வந்தவன் மாதிரியா இருக்கு? ஒரு ஆரஞ்சுப் பழம் கூட இல்ல.

முகுந்தன்: நேத்துத்தானே கொண்டாந்தேன்.

பஞ்சாலை: நேத்து கொண்டாந்தது நேத்தோட போச்சு. மாவுக்கட்டு போட்ட காலுக்குப் பசி ஜாஸ்தி.

முகுந்தன்: வெளையாடாதீங்கண்ணி. இன்னிக்கு மத்தியானம் நகராண்மை மஜ்லிஸ்ல மனு குடுத்தாகணும். இன்னியோட தவணை முடியுது. அறுவத்து மூணு பேரு கையெழுத்து போட்டாச்சு. மொத கட்டம் மட்டும் காலியா விட்டு வச்சிருக்கேன், உங்களுக்குன்னு.

பஞ்சாலை: அறுவத்து மூணுதானா? என் காலப் பாரு. நம்ம தாமான்ல இருக்குற அக்கம்பக்கத்துப் புள்ளைங்க அதுக்கு மேல கிறுக்கி வச்சிருக்குதுங்க. இங்க பாரு, பூனை கூட வரைஞ்சிருக்கு ஒன்னு.

முகுந்தன்: பூனையெல்லாம் மஜ்லிஸ்ல செல்லாதுண்ணி.

பஞ்சாலை: மீசை நல்லாப் போட்டிருக்கு, பாரேன்...

முகுந்தன்: அண்ணி.

பஞ்சாலை: சரி சரி, ஒக்காரு. நின்னுக்கிட்டே இருந்தா எனக்குக் கழுத்து வலிக்குது. எதுல வந்த?

முகுந்தன்: மோட்டர் சைக்கிள்லதான்.

பஞ்சாலை: இன்னிக்குமா? காடி என்னாச்சு?

முகுந்தன்: வர்க்‌ஷாப்புல கெடக்கு.

பஞ்சாலை: மூணு வாரமா கெடக்கு. வேற காடியே செஞ்சு குடுக்குறானா அவன்?

முகுந்தன்: சாமான் வரலயாம்.

பஞ்சாலை: ம்... ஃபேக்டரி பஸ்ஸும் ஓட்டலயாமே நீ. எம்.சி. லீவு போட்டுட்டு வீட்டுல இருக்கன்னு ரதி சொன்னா.

முகுந்தன்: இடுப்பு வலிண்ணி. அவகிட்ட வேற என்னா கேட்டீங்க?

பஞ்சாலை: நான் ஒன்னும் கேக்கல. அதுவா சொல்லுச்சு. “பெரியம்மா, அப்பா சனிக்கெழம போத்தலு தொடுறதில்ல இப்பல்லாம்”னு. அவ்வளவு சந்தோசம் புள்ளைக்கு.

முகுந்தன்: உங்களுக்காக நேந்துக்கிட்டேன்.

பஞ்சாலை: எனக்குக் கால் ஒடஞ்சா நீ குடிய விடுவேன்னு தெரிஞ்சிருந்தா, உங்கண்ணன் இருக்கறப்பவே ஒடைச்சுக்கிட்டிருப்பேன்.

முகுந்தன்: ...

பஞ்சாலை: சிரிக்க மாட்டியா?

முகுந்தன்: கையெழுத்து போடுங்கண்ணி. உங்க பேரு இல்லாம இந்த மனுவுக்கு அர்த்தமே இல்ல. அடிபட்ட ஆளே போடலன்னா எவன் மதிப்பான்?

பஞ்சாலை: என்னா எழுதியிருக்குன்னு தெரியாம எப்படிப் போடுறது? கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல. நீயே படி.

முகுந்தன்: இது மலாய்ல இருக்கு. தமிழ்ல ஒன்னு எழுதி வச்சிருக்கேன், இருங்க... “நகராண்மைக் கழகத் தலைவர் அவர்களுக்கு. மந்தின் சாலையையொட்டிக் குடியிருக்கும் நாங்கள் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. சாலைச் சந்திப்பில் உள்ள மதுக்கூடம் முன்பு இரவு ஒரு மணிக்கு அடைக்கப்பட்டது. கடந்த நான்கு மாதங்களாக அதிகாலை மூன்று மணி வரை திறந்திருக்க அனுமதி தரப்பட்டுள்ளது. அன்று முதல் இச்சாலையில் நான்கு விபத்துகள் நடந்துள்ளன...”

பஞ்சாலை: நல்லா எழுதியிருக்கியே. எஸ்டேட் ஸ்கூலு வீண் போகல.

முகுந்தன்: நாலாவது நீங்கதான்.

பஞ்சாலை: முப்பத்தோரு வருசம் முகுந்தா. அஞ்சரை மணிக்கு அந்த ரோட்டுல போறேன், தலைலைட்டக் கட்டிக்கிட்டு. ஒரு நாள் ஒரு குடிகாரன எதுக்கப் பாத்ததில்ல. ஊர்ல குடிகாரனே இல்லாமலா? இருந்தானுங்க. ஒரு மணிக்கு அவன் கடைய மூடுவான், இவனுங்க ரெண்டு மணிக்கெல்லாம் வீட்டுல கொறட்ட விடுவானுங்க. நாங்க நாலு மணிக்கு எந்திரிப்போம். ரோட்டுக்கே ஷிப்டு இருந்துச்சு. அவனுங்க எறங்குனப்புறம்தான் நாங்க ஏறுவோம்.

முகுந்தன்: அதத்தான்ண்ணி நானும் சொல்றேன். இப்ப ரெண்டும் ஒன்னா வந்துருச்சு.

பஞ்சாலை: மூணு மணிக்கு மூடுனா மூணரைக்கு வீட்டுல இருக்கணுமே. அஞ்சரைக்கு அங்க அவனுக்கு என்னா வேலை?

முகுந்தன்: நேரா வீட்டுக்கு எவன் போறான்? விடிய விடியத் தொறந்திருக்குற மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போவானுங்க. ரெண்டு ரொட்டி, சாம்பார், ஒரு தே தாரேக் டீ. சூடா உள்ள போனா எறங்கிரும்னு ஒரு நெனப்பு. ஒக்காந்து பேசிக்கிட்டே இருப்பானுங்க. மூஞ்சி கழுவுவானுங்க. தெளிஞ்ச மாதிரிதான் இருக்கும்... ஆனா எறங்காது. தூக்கம்தான் ஏறும். அஞ்சு மணிக்கு மேல காடிய எடுத்தா, கண்ணு தொறந்துதான் இருக்கும், ரோடு தெரியாது.

பஞ்சாலை: பக்கத்துல ஒக்காந்து பாத்த மாதிரி சொல்ற.

முகுந்தன்: ...கேள்விப்பட்டதுதான்.

பஞ்சாலை: அதையும் எழுதியிருக்கலாம். அதான் நல்லாருக்கு. சரி, மேல படி.

முகுந்தன்: “இம்மாதம் நான்காம் நாள், ஞாயிறு அதிகாலை ஐந்தரை மணியளவில், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவதற்காக மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்த திருமதி பஞ்சாலை அவர்களை...”

பஞ்சாலை: திருமதி பஞ்சாலை அவர்கள். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கெழம ஏன் போனேன்னு போட்டியா? மூணு நாளு மழை. வெட்டாம கெடந்துச்சு மரம்.

முகுந்தன்: அதெல்லாம் எதுக்குண்ணி?

பஞ்சாலை: ஞாயித்துக்கெழம நான் போக மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும்ல. அதுக்குச் சொன்னேன்.

முகுந்தன்: ...ஆமா. ஞாயித்துக்கெழம நீங்க வர மாட்டீங்க.

பஞ்சாலை: படி.

முகுந்தன்: “...அவர்களை, அந்த மதுக்கூடத்தில் குடித்துவிட்டுத் திரும்பிய ஒருவரின் கார் பின்னாலிருந்து மோதியது.”

பஞ்சாலை: நிறுத்து. என்னா மோதுச்சுன்னு எழுதியிருக்க?

முகுந்தன்: காடி. கார்.

பஞ்சாலை: போலீஸ்கிட்ட நான் லோரின்னுல்ல சொன்னேன்.

முகுந்தன்: ...லோரியா?

பஞ்சாலை: செம்பனைக் குலை ஏத்திக்கிட்டுப் போன லோரின்னு. ஆஸ்பத்திரிக்கே வந்து எழுதி, படிச்சுக் காட்டி, கையெழுத்தும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப இதுல கார்னு போட்டா, ரெண்டுல ஒன்னு பொய்யாயிருமே.

முகுந்தன்: நீங்க லோரின்னு... எங்கிட்ட சொல்லவே இல்லியே.

பஞ்சாலை: நீ கேக்கவே இல்லியே. மூணு வாரமா தெனம் வர்ற. ஆரஞ்சு கொண்டாற, ஆப்பிளு கொண்டாற, கொசு வலை கூட வாங்கிக் குடுத்த. “அண்ணி, எது வந்து மோதுச்சு”ன்னு ஒரு நாளு கேட்டியா? ஊரே கேட்டுச்சு, நான்தான் சொல்லல.

முகுந்தன்: இல்லண்ணி... உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு...

பஞ்சாலை: சரி.

முகுந்தன்: வேணும்னா லோரின்னு மாத்திடுறேன்.

பஞ்சாலை: லோரிக்காரனா பார்ல குடிச்சான்? லோரின்னா உன் மனு அப்படியே செத்துப் போச்சு. காடின்னா, யாரு காடின்னு கேப்பாங்க. ரெண்டுல எது வேணும் உனக்கு?

முகுந்தன்: ...

பஞ்சாலை: தண்ணி குடி. அந்தச் சொம்புல இருக்கு.

முகுந்தன்: வேணாம்.

பஞ்சாலை: பாரு முகுந்தா, அந்தக் கடைய ஒரு மணிக்கு மூடணும்னு நீ சொல்றது நியாயம்தான். நான் இல்லேங்கல. ஆனா பேப்பர் பூராவும் கடை, கடை, கடை. ஒரு எடத்துலயாவது ஸ்டேரிங்கப் புடிச்சவன் வர்றானா? மூணு மணி வரைக்கும் தொறந்து வச்சான், சரி. வாயில ஊத்துனானா?

முகுந்தன்: ஒரு மணின்னா போயிருப்பான்ண்ணி. சத்தியமா சொல்றேன். பதினஞ்சு வருசமா அப்படித்தான். லைட்ட அணைச்சான்னா எந்திரிச்சு வீட்டுக்குப் போறவன்தான் அவன். “இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு, ஒக்காரு”ன்னா ஒக்காந்துருவான். எப்ப எந்திரிக்கணும்னு அவனுக்கா தெரியாதுண்ணி... யாராச்சும் லைட்ட அணைக்கணும்.

பஞ்சாலை: யாரு அவன்?

முகுந்தன்: ...பொதுவாச் சொன்னேன்.

பஞ்சாலை: ம். மோட்டர ஸ்டேசன்லேருந்து எடுத்தாந்துட்டான் பக்கத்து வீட்டு மெக்கானிக்கு ரவிச்சந்திரன். பின்னாடி நிக்குது, பாத்தியா?

முகுந்தன்: பாக்கல.

பஞ்சாலை: ரவி ஒரு விசயம் சொன்னான். மோட்டர் சாஞ்சு கெடந்துச்சாம், ஆனா ஒரு சொட்டு பெட்ரோல் ஒழுகலயாம். பெட்ரோல் டேப்ப யாரோ மூடியிருக்காங்க. என் தலைலைட்டக் கூட அணைச்சு, பக்கத்துல வச்சிருக்காங்க. இடிச்சுட்டு ஓடுறவன் இதெல்லாம் செய்வானான்னு கேக்குறான்.

முகுந்தன்: பின்னாடி வந்த யாராச்சும்...

பஞ்சாலை: பின்னாடி வந்தது மில்லுக்குக் காவல் நிக்கிற ஜாகா. நேப்பாளிக்காரன். எவனோ வந்து கண்ணாடியத் தட்டி, ரோட்டுல ஆள் கெடக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டானாம். ஜாகா வந்து பாக்குறப்ப டேப்பு மூடித்தான் இருந்துச்சு. அந்த டேப்பு எப்படின்னு உனக்கு ஞாபகம் இருக்கா? புடி ஒடஞ்சு போயி, உங்கண்ணன் கரண்டிக் காம்ப அறுத்துச் சொருகி வச்சாரே. சும்மா திருப்புனா சுத்திக்கிட்டே இருக்கும், மூடாது. உள்ள அமுக்கிக்கிட்டுப் பின்னால தள்ளணும். ரவிக்கே தெரியல. நேத்து அர மணி நேரம் மல்லுக்கட்டுனான்.

முகுந்தன்: அண்ணி...

பஞ்சாலை: அது தெரிஞ்சது மொத்தம் மூணு பேருக்கு. ஒருத்தரு போயி ஆறு வருசம் ஆச்சு. ஒருத்தி ரோட்டுல கெடந்தா.

முகுந்தன்: நீங்கன்னு தெரியாதுண்ணி. எறங்கி வந்து அந்த லைட்டு வெளிச்சத்துல பாத்தப்புறம்தான்... ஞாயித்துக்கெழமையாச்சே, அண்ணி எப்படி இங்கன்னு... கை என்னா செஞ்சுச்சுன்னே எனக்குத் தெரியல. பெட்ரோல் வாடை அடிச்சுச்சு. மூடுனேன்.

பஞ்சாலை: ம்.

முகுந்தன்: ஸ்டேசனுக்குப் போலாம்னுதான் இருந்தேன். லைசன்ஸ் போயிரும். பஸ்ஸு போயிரும். உள்ளயும் தள்ளிருவாங்க. ரதி இன்னும் காலேஜு முடிக்கல... நாளைக்கு, நாளைக்குன்னே ஓடிருச்சு. இந்த மனுவையாவது எழுதுனா... அந்தக் கடையாவது நேரத்துக்கு மூடுனா...

பஞ்சாலை: மனு நல்ல மனுதான். அதுல ஒன்னும் குத்தமில்ல. இப்படிக் குடு, மொத கட்டத்துல நான் போடுறேன். ரெண்டாவது ஒரு பேப்பர் இருக்கு. அத நீ ஸ்டேசன்ல போயி எழுதணும்.

முகுந்தன்: இன்னிக்கேவா?

பஞ்சாலை: மஜ்லிஸு போற வழிதானே. நானும் வர்றேன். லோரின்னு சொன்னத நான் மாத்தணும். நீ ஒன்ன மறைச்ச, நான் ஒன்ன மறைச்சேன், ரெண்டு பேரும் சேந்தே போவோம். ரவிய வேன எடுத்தாரச் சொல்லு.

முகுந்தன்: ரதிகிட்ட என்னான்னு சொல்லுவேன்?

பஞ்சாலை: நடந்தத சொல்லு. அழும். அழட்டும். நான் பக்கத்துல இருக்கேன்.

முகுந்தன்: எனக்காகவாண்ணி லோரின்னு சொன்னீங்க?

பஞ்சாலை: எட்டு வயசுல என் வீட்டுக்கு வந்தவன் நீ. வேற என்னான்னு சொல்லச் சொல்ற?

முகுந்தன்: டேப்பு விசயம் நேத்துத்தானே உங்களுக்குத் தெரிஞ்சுச்சு... போலீஸ்கிட்ட லோரின்னு சொன்னது மூணு வாரத்துக்கு முந்தி. நான் இடிச்சப்ப நீங்க மயக்கத்துல இருந்தீங்களேண்ணி. மூக்குல வெரல் வச்சுப் பாத்தேன், மூச்சு இருந்துச்சு. அந்தத் தைரியத்துலதான் நான் போனதே.

பஞ்சாலை: மயக்கம்லாம் இல்ல முகுந்தா. கண்ண மூடிக்கிட்டுத்தான் கெடந்தேன். நீ டேப்ப அமுக்குன சத்தம் கேட்டுச்சு. லைட்டக் கழட்டுன. மூக்குல வெரல் வச்ச, சாம்பார் வாடை அடிச்சுச்சு. அண்ணின்னு நீ ஒரு வாட்டி கூப்புடுவேன்னு கெடந்தேன்... கூப்பிட்டிருந்தா கண்ணத் தொறந்திருப்பேன்.