இடது தோள்

– சும்மா சொல்லக் கூடாது டீச்சர், பைக் பின்சீட்டுக்கு இப்படி ஒரு பேக்ரெஸ்ட் நான் இதுவரைக்கும் செஞ்சதில்ல. ஏறி ஒரு தடவை சாய்ஞ்சு பாருங்க. பிடிக்கலைன்னா கழட்டிடறேன்.

– பாக்கவே வேணாம்டா தம்பி. எங்க வீட்டுக்காரர் டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள கழட்டி உள்ள வச்சிடு.

– சார் ஆசைஆசையா செய்யச் சொன்னதாச்சே. பின்னாடி உட்கார்றவங்க ராஜா மாதிரி உட்காரணும்னார்.

– ராணின்னு சொல்லக்கூட வாய் வரல பாரு. சரி, வண்டியைப் பிடி, ஏறுறேன்... பாத்தியா, பின்மண்டையில இடிக்குது. யார் அளவுடா இது?

– சார் அளவுதான். உங்களைக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன் டீச்சர், கேக்கல. அவளுக்கு டிரைவிங் கிளாஸ் எடுக்கிற வேலை இருக்கு, என் முதுகுல எடுன்னு திரும்பி நின்னுட்டார். நானும் டேப்பை வச்சு எடுத்துட்டேன்.

– இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கார். பொண்டாட்டி தன் தோளு உயரம்தான் இருப்பான்னு கூட மனுஷனுக்குத் தெரியல.

– அதை இறக்கிடலாம், போல்ட்டைத் தளர்த்தினா ஆச்சு. முன்சீட்டுலயும் பஞ்சைக் குறைக்கச் சொன்னார், குறைச்சிருக்கேன்.

– அது எதுக்கு? அவருக்கு இருக்கிற காலுக்கு இன்னும் ஒரு பஞ்சு வச்சாலும் தரை எட்டுமே.

– வயசாகுது, கால் நல்லா ஊணணும்னார். அதுக்கு மேல நான் கேக்கல. உங்களுக்கு என்ன குறைன்னு சொல்லுங்க டீச்சர். மலை தாண்டி உங்க பாப்பா புது வேலைக்குப் போயிருக்கு, தனியா வீடு எடுத்திருக்கு, போய்ப் பாக்கணும்னு சார் தினமும் சொல்றார். தூரம் போனா உங்களுக்கு இடுப்பு விட்டுப் போகுதாம். அதுக்குத்தானே இது?

– எனக்கு மட்டும் அவளைப் பாக்க ஆசை இல்லையா? போன்ல பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் போச்சு. பஸ்ஸுல போலாம்னா இவர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறார்.

– அப்புறம் என்ன, சாய்ஞ்சுக்கிட்டு ஜாலியா போங்க.

– சாய்ஞ்சா என் கை அவர் தோளுக்கு எட்டாதுடா.

– தோளு எதுக்கு டீச்சர்? ரெண்டு பக்கமும் கைப்பிடி போட்டிருக்கேனே.

– நான் விழுந்துடுவேன்னு பயம் இல்ல. நீ யார்கிட்டயும் சொல்லிடாத. அவருக்கு இடது காது கேக்கல, அது அவருக்கே தெரியல.

– சாருக்கா? என்கிட்ட நல்லாத்தானே பேசினார்.

– வலப்பக்கம் நின்னு பேசியிருப்ப. இடப்பக்கம் லாரிக்காரன் ஹார்னை விடாம அடிச்சாலும் மனுஷன் பாட்டுக்குப் போய்ட்டு இருப்பார். அதனால அந்தப் பக்கம் எது வந்தாலும் நான் அவர் இடது தோள்ல தட்டுவேன். என்னடின்னு திரும்புவார். திரும்பினா வண்டி கண்ணுல பட்டுடும். எனக்கு அது போதும். கையை நீட்டிக்கிட்டே, முன்னால குனிஞ்சுக்கிட்டே வர்றேன் பாரு, அதுலதான் இந்த இடுப்பு வலியே.

– சார் ஒண்ணும் கேக்கலையா?

– பொண்டாட்டி கொஞ்சுறான்னு நினைச்சுக்கிட்டு இருக்கார்.

– பேசாம சொல்லிடலாம்ல டீச்சர்.

– சொன்னா அன்னைக்கே வண்டியை நிறுத்திடுவார். என்னைப் பொண்ணு பாக்க வந்ததே வண்டியிலதான்டா. வண்டி இல்லாம வீட்டு மூலையில உட்கார்ந்திருக்கிற அவரை என்னால பாக்க முடியாது.

– அப்ப நீங்க ஓட்டுங்க. ஊருக்கே ஓட்டச் சொல்லித் தர்றீங்க.

– ஊருக்குத்தான் நான் டீச்சர். ஒரே ஒரு தடவை ஆசையா கேட்டேன். அந்தச் சாவியைத் தவிர எது வேணும்னாலும் கேளும்மான்னார். அப்புறம் நான் வாயைத் திறக்கல. அதனால நீ என்ன பண்ற, இந்த வண்டிக்கு இது பொருந்தலைன்னு சொல்லிடு.

– எனக்குப் பொய் வராது டீச்சர். முழியே காட்டிக் குடுத்துடும்.

– லைசென்ஸ் டெஸ்ட்டுல கால் ஊணவே இல்லைன்னு என்கிட்டயே சாதிச்சவன்டா நீ. அந்தா வர்றார், சொல்லு.

– என்னடா தம்பி, மாட்டியாச்சா?

– வாங்க சார். அது வந்து... சும்மா சொல்லக் கூடாது சார்... கிளாம்ப்பு இந்த வண்டிக்குப் பொருந்தவே மாட்டேங்குது.

– பொருந்தாமயா டீச்சரம்மா அதுல சாய்ஞ்சு உட்கார்ந்திருக்காங்க?

– அவனை விடுங்க. நான்தான் கழட்டச் சொன்னேன். எனக்கு இது வேணாங்க.

– இந்தப் பக்கம் வந்து சொல்லும்மா. அந்தக் காதுல விழல.

– எப்பலேர்ந்துங்க தெரியும்?

– நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்த அப்ப, மார்க்கெட்டுக்குத் தனியா போனேன். இடப்பக்கம் ஒரு லாரி. என்னை உரசற மாதிரி தாண்டிப் போனப்புறம்தான் பாத்தேன். ஓரமா நிறுத்திட்டேன். தோள்ல யாரும் தட்டலையேன்னு அப்பத்தான் உறைச்சுது. அதுவரைக்கும் நீ ஆசையில தட்டுறேன்னு கூட்டாளிங்ககிட்ட எல்லாம் பெருமை அடிச்சுக்கிட்டு இருந்தேன்.

– ஆசை இல்லாமதான் தட்டினேனா?

– தெரியும்மா. அழாத, பையன் பாக்கிறான்.

– நான் பாக்கல சார். ஸ்பேனர் தேடிக்கிட்டு இருக்கேன்.

– அப்ப சொல்றதைக் கேளுங்க. இதைக் கழட்டிடலாம். இடுப்பு வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. பழையபடி நான் தட்டிக்கிட்டே வர்றேன். நீங்க வண்டியை விட வேணாம்.

– முதல்ல கீழ இறங்கு.

– கோவமா?

– இறங்கும்மா. தம்பி, ஸ்பேனரைக் கீழ வை. அதைத் தொடாத, அளவு சரியாத்தான் இருக்கு.

– இல்ல சார், டீச்சருக்கு ரொம்ப உயரமா இருக்கு.

– அதுல சாயப் போறது அவ இல்லடா, நான். முன்சீட்டைத்தான் அவ காலுக்குக் குறைச்சிருக்கியே... இந்தாம்மா, சாவி.