முப்பதாயிரம் லிட்டரில் பதினொரு ஆமைகள்

ஆமைக்குக் கீரை போடும்போது காம்பைக் கிள்ளிவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. அது தன் வாயாலேயே கிழித்துக்கொள்ளும். அப்படிக் கிழிக்கிறபோது முன்னங்காலைத் தூக்கிக் கீரையைத் தள்ளுகிற அழகை ஒருமுறை பார்த்துவிட்டால், சார், நீங்களும் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு குளம் வெட்டுவீர்கள்.

நீங்கள் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன். என் பெயர் செண்பகராஜ். வயது நாற்பத்தாறு. நாகலாபுரத்துக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊரில் பதினான்கு வருஷமாகத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். ஆற்றுத் தண்ணீர் வந்ததும் மோட்டாரைப் போட்டு மேல்நிலைத் தொட்டியில் ஏற்றுவது, பிளீச்சிங் பவுடர் கலப்பது, தெருக்களுக்குத் திறந்துவிடுவது, இதுதான் வேலை. நூற்று நாற்பது வீடு. ஒருநாள்கூட லீவு போட்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆமைகள் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், பங்குனியில். கண்மாய் வற்றிக் கரிசல் வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். அதில் ஒன்றில் ஒரு மூக்கு தெரிந்தது. தோண்டி எடுத்தேன். அக்கம்பக்கத்து வெடிப்புகளையும் பார்த்தேன். பதினொன்று. நாய்கள் ஏற்கெனவே மோப்பம் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தன. விட்டுவிட்டு வர எந்த மனுஷனுக்கு மனசு வரும்? ஆமை வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று அப்போது தெரியாது. பிறகு தெரிந்தது. அதை முதல் குற்றமாக ஒப்புக்கொள்கிறேன்.

என் மனைவி பிரேமலதாவுக்குத்தான் பிடிக்கவில்லை.

"வீட்டுக்குள்ள ஆமைய விட்டா வெளங்குமா?" என்றாள்.

"வீட்டுக்குள்ள எங்கட்டி விடுதேன், தோட்டத்துலல்லா விடுதேன்."

பத்தடிக்கு எட்டடி சிமெண்ட் குளம் கட்டினேன். ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் சரிவு, நிழலுக்கு முருங்கை, வெயில் காய நடுவில் ஒரு கல். காலையில் வெயில் ஏறியதும் பதினொன்றும் அந்த ஒரே கல்லில் ஏறப் பார்க்கும். ஒன்றின் முதுகில் ஒன்று, அதன் முதுகில் இன்னொன்று. மேலே இருப்பது கழுத்தை நீட்டிப் பெருமையாக ஊரைப் பார்க்கும். கீழே இருப்பது ஒரு அடி எடுத்து வைக்கும். மொத்தமும் தண்ணீரில் சரியும். மறுபடி முதலிலிருந்து ஏறும். நான் தனியாக உட்கார்ந்து சிரிப்பேன். ஒருநாள் சிரித்துச் சிரித்துக் குளத்துக்குள்ளேயே விழுந்தேன். நாற்பது தாண்டிய ஒருவனுக்கு அந்த மாதிரிச் சிரிப்பு எங்கே கிடைக்கும்?

பக்கத்து வீட்டில் ஆடு மேய்க்கிற கருத்தையா அண்ணனுக்கும் இவற்றைப் பிடித்துப்போயிற்று. ஆமை ஓடு உறுதியாக இருக்க நத்தை நல்லது. அவர் பம்புசெட்டு வாய்க்கால் ஓரங்களில் பொறுக்கித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வருவார்.

"ஏலே செண்பகம், ஒம் புள்ளைகளுக்குப் பலகாரம் கொண்டாந்திருக்கேன்" என்று வாசலிலேயே சத்தம் கொடுப்பார்.

போன தை மாதம் ராசாத்திக்குக் கண் வீங்கியது. பதினொன்றில் சின்னவள் அவள். இமை இரண்டும் ஒட்டிக்கொண்டு, கீரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கல்லைக் கடித்தாள். காரணம் பவுடர் கலந்த தண்ணீர்தான். ஒருநாள் வெயிலில் வைத்தால் பவுடர் வாடை போய்விடும். ஆனால் குளத்துக்கு மூவாயிரம் லிட்டர் வேண்டும். என்னிடம் இருந்தது மூன்று டிரம்.

நான் அவசரப்படவில்லை. யோசித்தேன். பவுடர் போடாவிட்டால் ஊருக்கு உடனே எதுவும் ஆகிவிடாது. போட்டால் ராசாத்திக்கு உடனே ஆகும். முதல் வாரம் பாதியாகக் குறைத்தேன். அடுத்த வாரம் கால். அதற்கடுத்த வாரம் மூட்டை வாயைக் கட்டி வைத்துவிட்டேன். பத்தாம் நாள் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

ஊருக்கும் அது நல்லதாகத்தான் இருந்தது. டீக்கடையில் டீ ருசியாகிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் பைக்கில் குடம் கட்டிக்கொண்டு வந்தார்கள். பிரசிடெண்ட் ரெங்கம்மாள் என்னை நிறுத்தி, "செண்பகராஜு, என்னய்யா செஞ்ச? தண்ணி இளநி கணக்கா இருக்கே" என்றார்.

"கவனமாப் பாத்துக்கிடுதேன்மா" என்றேன். பொய் இல்லை. கிராமசபையில் எனக்குச் சால்வை போட்டார்கள். மெத்தென்ற துணி. ராசாத்தியின் கண்ணைத் துடைக்க வசதியாக இருந்தது.

பரிசோதனை நடந்ததே என்று கேட்டீர்கள். நடந்தது. சுகாதார நர்ஸ் இசக்கிசெல்வி வெள்ளிக்கிழமைதோறும் வருவாள். குழாய்த் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்துச் சொட்டு மருந்து விடுவாள். மஞ்சளானால் பவுடர் இருக்கிறது என்று அர்த்தம். கடைசித் தெருவின் கடைசிக் குழாயில்தான் பிடிப்பாள். அங்கே மஞ்சளானால் ஊர் முழுக்கச் சரி. ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் அந்த ஒரு குழாயை மட்டும் கழற்றி ஒரு சிட்டிகை பவுடரை உள்ளே தள்ளி மாட்டிவிடுவேன். ஒருநாள் சிட்டிகை கூடிப்போய்த் தண்ணீர் ஆரஞ்சாகிவிட்டது.

"அண்ணாச்சி, இம்புட்டுப் போடாதிய. புள்ளைக வாயி வெந்துரும்" என்றாள்.

"கொறைச்சுக்கிடுதேன்மா."

சித்திரையில் தோட்டத்துக் கரிசல் வெடித்தது. கரிசலில் சிமெண்ட் நிற்காது என்று கொத்தனார் அப்போதே சொன்னார். ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தால் குளத்தின் குறுக்கே கை நுழைகிற விரிசல். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. பதினொன்றும் சூடான சிமெண்டில் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தன. ஆழமான, குளிர்ந்த, நிழலுள்ள, பவுடர் இல்லாத தண்ணீர் வேண்டும். அப்படி ஒன்று ஊரில் எங்கே இருக்கிறது? சாவி என் இடுப்பில் இருந்தது.

ஊர் வெயிலுக்கு ஒதுங்கியிருந்த நேரம். கோணிப்பையில் மூன்று மூன்றாகக் கட்டி, நாற்பத்திரண்டு படி, நான்கு நடை. ஏறி இளைக்க இளைக்க எனக்குச் சிரிப்பு வந்தது. மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். முப்பதாயிரம் லிட்டர், சார். வாழ்நாளில் அவை அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததில்லை. கீழே போய், மேலே வந்து, வட்டமடித்து, பறந்தன என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே தலையை விட்டு 'ராசாத்தி' என்றேன். தொட்டி நாலு தடவை திருப்பிச் சொன்னது. ஏற ஒரு தெர்மகோல் பலகை மிதக்கவிட்டேன். காலையில் இரண்டு மணி நேரம் மூடியைத் திறந்து வைப்பேன், வெயில் விழ. கீரை, நத்தை, வாரம் ஒருமுறை கோழி ஈரல். அளவாகத்தான் தின்னும். மிச்சம் அடியில் தங்கிவிடும்.

ஊர் குடிக்கிற தண்ணீரில் ஆமையை விட்டாய் என்கிறீர்கள். ஆமை இருக்கிற தண்ணீரை ஊர் குடித்தது என்றும் சொல்லலாம்.

வைகாசியில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தொடங்கின. கல்யாண வீட்டுச் சாப்பாடு என்றார்கள். ஆமாம், கத்திரிக்காய் ஒரு மாதிரிதான் இருந்தது என்று நானும் சொன்னேன். முதல் நாள் ஒன்பது பேர். வாரக் கடைசியில் அறுபத்தொன்று. பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அப்போதாவது பவுடரைப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். மூட்டையை அவிழ்த்துக் கையில் அள்ளிக்கூடப் பார்த்தேன். இருபத்திரண்டு கண்கள் நினைவுக்கு வந்தன. கட்டி வைத்துவிட்டேன்.

கருத்தையா அண்ணனை விளாத்திகுளத்துக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. அதற்கப்புறம் நத்தைக்கு ஆளில்லை.

துக்கம் கேட்க வந்து எல்லோரும் அவர் வாசலில் நின்றபோதுதான் இசக்கிசெல்வி அந்த வீட்டுக் குழாயைத் திறந்து குப்பியில் பிடித்தாள். சொட்டு விட்டாள். கண்ணாடி மாதிரி அப்படியே இருந்தது. இன்னும் இரண்டு சொட்டு விட்டாள். என்னைப் பார்த்தாள். தொட்டிக்கு நடந்து, சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன்.

"மூடியத் தொறங்க அண்ணாச்சி."

திறந்தேன். பலகையிலிருந்து பதினொரு தலைகளும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் உங்களுக்கும் வந்திருக்கும்.

"இது என்னது?"

"ஆமைம்மா."

"எத்தன நாளா?"

"சித்திரையிலருந்து."

அவள் இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அந்த வாரம் முழுக்க முகாமில் அவளும் எங்கள் ஊர்த் தண்ணீர்தான் குடித்திருந்தாள்.

அந்தத் தண்ணீரால் யாருக்கும் கெடுதல் வரும் என்று நான் நினைக்கவில்லை. இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். அப்படியானால் உன் வீட்டில் மட்டும் ஏன் ஒருவரும் படுக்கவில்லை என்கிறீர்கள். பிரேமலதாவுக்குக் கொஞ்சம் மென்மையான வயிறு. ஆமைகள் தொட்டிக்கு ஏறிய அன்று சாயங்காலத்திலிருந்து நாகலாபுரத்தில் கேன் வாங்கினேன். கேன் உள்ளறையில் இருக்கும். பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள் என்பதால், வாசலில் ஒரு பானையில் குழாய்த் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன்.

கருத்தையா அண்ணன் கடைசியாக நத்தை கொண்டுவந்தபோது நல்ல வெயில். ஆட்டோடு அலைந்து உதடு காய்ந்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்து, "தாகமா இருக்குல, தண்ணி கொடு" என்றார். பிரேமலதா உள்ளே கேனைச் சரிக்கப் போனாள். நான் கையைக் காட்டி அவளை நிறுத்தினேன். பானையிலிருந்து நானே மோந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார்.

அதையும் கொடுத்தேன், சார். தண்ணீர் என்று கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.