வலது காது

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் குக்கர் வைப்பதில்லை. விசில் சத்தம் இடைஞ்சல் என்று நான்தான் சொல்லியிருந்தேன். புதுப் பாட்டுகள் வெளியாகிற நாள் அது. காலை பத்து மணிக்கு ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு மணி ஆகிவிடும். முந்தின நாள் மிச்சம்தான் சாப்பாடு. என் மனைவி அதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்களுக்குள் ஏதோ பிணக்கு இருந்தது என்கிற மாதிரி நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். பிணக்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் இவ்வளவு சத்தமாகப் பேச வேண்டியதில்லை. காதில் மெஷின் வைத்திருக்கிறேன். பேச்செல்லாம் நன்றாகக் கேட்கும். பாட்டுதான் கேட்காது. எந்தப் பாட்டைப் போட்டாலும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கும்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். வாரப் பத்திரிகையில் ‘இந்த வாரம் ஏழு’ என்ற பக்கம் இருபத்துமூன்று வருஷமாக என்னுடையது. அந்த வாரம் வந்த புதுப் பாட்டுகளில் ஏழு. சினிமா மெலடி, ராப், ஆட்டம் போடுகிற பாட்டு, கிடார் கோஷ்டிகளின் கூச்சல், காதலில் தோற்றவனின் புலம்பல் என்று எதையும் விட்டுவைக்க மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரி அபிப்பிராயம், அவ்வளவுதான். அந்த நாலு வரிக்குப் பெரிய இசையமைப்பாளர்களும் திங்கட்கிழமை காலையில் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் என்னைக் கல்யாண வரவேற்பு ஒன்றில் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பிப் போனார். பெருமைக்காகச் சொல்லவில்லை. தகவலுக்குச் சொல்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் காது போக ஆரம்பித்தது. ஒரேயடியாக இல்லை, மேல் சத்தங்கள் முதலில் போயின. ஒரு பாட்டைப் பற்றி, ‘முடிவே இல்லாமல் பாதியில் அறுந்து நிற்கிறது’ என்று எழுதினேன். அந்தப் பாட்டு கடைசி அரை நிமிஷம் புல்லாங்குழலில் முடிகிறதாம். வாசகர் கடிதம் பதினொன்று வந்தது. ‘அந்தக் குழலை நான் ஒரு முடிவாக மதிக்கவில்லை’ என்று பதில் போட்டேன். அதற்கும் பாராட்டி மூன்று கடிதம் வந்தது.

ஊரைச் சமாளித்துவிடலாம். வீட்டில் முடியவில்லை. என் மனைவி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பதினெட்டு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து இடது காது அடியோடு போய்விட்டது. இருந்தது வலது காது ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்று இருக்கிறதே, எதிர்முனையில் ஆள் வாயைத் திறப்பதற்கு முன்பே, மூச்சைக் கேட்டுப் பிரசவ வார்டுக்கா பிணவறைக்கா என்று தெரிந்துகொண்டு லைனைக் கொடுத்துவிடுவாளாம். அவளுடன் வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். “என்னங்க, பின்னாடி வயலின் வாசிக்கிறாங்களே, அதைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?” என்று கேட்டாள்.

“எந்த வயலின்?” என்றேன்.

பாட்டை அவளே நிறுத்தினாள். பிறகு, “சரி, விடுங்க. நான் கேட்டுச் சொல்றேன், நீங்க எழுதுங்க” என்றாள். ஏன், எப்போதிலிருந்து, டாக்டரைப் பார்த்தீர்களா, ஒன்றும் கேட்கவில்லை. அவள் அப்படித்தான்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து ஹெட்போன் அவள் தலையில், பேனா என் கையில். அவளுக்குச் சங்கீதம் தெரியாது. ஒரு ராகத்தின் பெயர்கூடத் தெரியாது. தெரியாத குறை அவள் பேச்சில் தெரியாது. புலம்பல் பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு, “அழுறாருதான். ஆனா நடுநடுவுல கண்ணாடியில மூஞ்சியப் பாத்துக்கிட்டு அழுறாரு” என்றாள். ஒரு ராப்புக்கு, “இந்தப் பையனுக்குக் கோவமெல்லாம் இல்லீங்க. வீட்டுல யாரும் அவன் பேச்சைக் கேக்கல, அதான் இவ்வளவு வேகமா சொல்லிட்டு ஓடுறான்” என்றாள். நாடே கொண்டாடுகிற பாடகி ஒருவரின் மெலடியை மூன்று முறை கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். “நல்லாத்தான் பாடுறாங்க. ஆனா யாருக்காகப் பாடுறாங்களோ, அவங்க லைன்ல இல்லை. வச்சிட்டுப் போயிட்டாங்க. இவங்களுக்கு அது தெரியாது.” கிடார் கோஷ்டி ஒன்றைப் பற்றி: “மாடி வீட்டுல பீரோவை நகத்துற மாதிரி இருக்கு. ஆனா வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறவங்க நகத்துற மாதிரி இருக்கு. பாவமா இருக்குங்க.”

எழுத்து என்னுடையது. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பீரோ என்று அவள் சொல்லிவிடலாம். அந்தப் பீரோவை எந்த வரியில் இறக்கி வைத்தால் படிக்கிறவன் நிமிர்ந்து உட்காருவான் என்பது எனக்குத்தான் தெரியும். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றியதில்லை என்பது உண்மைதான். மாற்ற வேண்டாததை மாற்றாமல் விடுவதும் ஒரு தேர்ச்சி.

பக்கம் பிய்த்துக்கொண்டு போயிற்று. எங்கள் ஆசிரியர் ஒரு பெண்மணி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். “சார், உங்களுக்கு வருஷா வருஷம் வயசு குறையுது போலிருக்கே” என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, “அப்போ அடியில சின்னதா எம் பேரையும் போடச் சொல்லுங்களேன்” என்றாள்.

“உன் பேரைப் போட்டா எனக்குக் காது போச்சுன்னு ஊருக்கே தமுக்கடிச்ச மாதிரி ஆயிடும்மா.”

“அதுவும் சரிதான்” என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். அதையும் ஒரே தடவைதான் கேட்டாள்.

பிறகு ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது ஆசிரியர் போன் செய்திருக்கிறார். பக்கத்தில் இரண்டு வரி இடம் மிஞ்சுகிறது, ஐந்தாவது பாட்டுக்கு இன்னும் ஏதாவது வேண்டும் என்று. இவள், “அவர் குளிக்கிறாருங்களே” என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நின்ற நிலையில் இரண்டு வரி சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை பத்திரிகையில் அந்த இரண்டு வரிதான் எல்லோர் வாயிலும் இருந்தது.

ஆசிரியர் முட்டாள் இல்லை. அடுத்த வாரம் வீட்டுக்கே வந்தார். என்னை வைத்துக்கொண்டே, என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் மனைவியைப் பார்த்துப் பேசினார். “அக்கா, நாங்க ஒலி நிகழ்ச்சி ஒண்ணு ஆரம்பிக்கிறோம். வாரா வாரம் புதுப் பாட்டு. நீங்க எழுத வேண்டாம், இப்படியே பேசுங்க போதும். பேரும் உங்க பேருதான்.” பிறகு என் பக்கம் திரும்பி, “சார், நீங்க ரொம்ப வருஷம் உழைச்சுட்டீங்க. மாசம் ஒரு கட்டுரை எழுதுங்க, பழைய பாட்டைப் பத்தி” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் அதற்கு முன் பேசியதில்லை.

அவர் போனபின் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “நான் பேசுனா யாருங்க கேப்பாங்க?” என்றாள். ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று அதிலேயே தெரிந்தது. “கேப்பாங்கம்மா. நல்ல விஷயம்தான்” என்றேன். அன்று மாலை அவள் கேட்டுக்கொண்டதற்காக அவளோடு கடைத்தெருவுக்குப் போனேன். ரெக்கார்டிங்குக்குப் போட்டுக்கொள்ள ஒரு சேலை எடுத்தாள். குரல்தானே பதிவாகும், சேலை எதற்கு என்று கடைக்காரர் கிண்டல் செய்தார். நிறம் நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

இனி நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்களே, அந்த ஆளைப் பற்றி. அவனை எல்லோரும் ‘ஈயம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பற்றவைக்கிற கம்பியும் ஈயச்சுருளும் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். ஆடியோ கருவிகளைப் பழுது பார்ப்பதில் அவனைப்போல ஆள் கிடையாது. சேலை எடுத்ததற்கு அடுத்த புதன்கிழமை ஆம்ப்ளிஃபயரைச் சரிபார்த்துவிட்டுப் போகும்போது பின்பக்கம் ஒரு சின்னத் திருகைக் காட்டினான். “சார், இதை மட்டும் தொட்டுடாதீங்க. ஹெட்போனுக்குப் போற சத்தத்தை இதுதான் கட்டிப் பிடிச்சு வச்சிருக்கு. அக்காவுக்கு இருக்கிறது ஒரே காது, பாத்துக்குங்க.”

பார்த்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை அவள் குளிக்கப் போயிருந்தபோது அந்தத் திருகை முழுக்கத் திறந்துவிட்டேன்.

என் மச்சான், அவளுடைய அண்ணன், ஈயத்தின் பேரில் புகார் கொடுத்ததும், நீங்கள் அவனைப் பிடித்ததும், அவன் வயரை மாற்றிப் பூட்டிவிட்டான் என்று உங்கள் நிபுணர் எழுதிக் கொடுத்ததும் எனக்குத் தெரியும். அந்த அறிக்கையைப் படித்தேன். தப்பு. அதனால்தான் நானே கிளம்பி வந்தேன். இருபத்துமூன்று வருஷம் அபிப்பிராயம் எழுதியவன், ஒரு விஷயத்துக்குத் தப்பான காரணத்தை அச்சில் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

முதல் மூன்று பாட்டும் வழக்கம்போல. நாலாவது மென்மையான தாலாட்டு மாதிரி ஒன்று. ஆரம்பம் காதோடு காதாகப் பேசுகிற மாதிரி இருக்கும் என்று பாடல் குறிப்பில் போட்டிருந்தார்கள். “கொஞ்சம் கூட்டி வைங்க” என்று அவள் சைகை காட்டினாள். கூட்டினேன். இன்னும் என்றாள். கூட்டினேன். கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. அந்த நேரத்தில் கிடார் கோஷ்டியின் பாட்டுக்கு மாற்றி, வால்யூமைக் கடைசிவரை திருப்பினேன்.

அவள் கத்தவில்லை. இரண்டு கையாலும் ஹெட்போனைக் கழற்றி, தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மேஜையில் வைத்தாள். நான் பாட்டை நிறுத்திவிட்டு, “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “என்னங்க, சத்தம் போடாம வாயை மட்டும் அசைக்கிறீங்க?” என்றாள்.

இதுவரைக்கும் சொன்னதை ஒரு கணத்தின் புத்தி என்று யாராவது சொல்லலாம். உங்கள் வக்கீலோ என் வக்கீலோ சொல்லுவார். அதனால் அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். இப்படித் திடீரென்று போகிற காதை இரண்டு மூன்று நாளுக்குள் கொண்டுபோனால் ஓரளவு மீட்டுவிடலாம். என் காதுக்காகப் பார்த்த டாக்டர் முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். அவள் ஒரு தாளில், ‘டாக்டர்கிட்ட போலாமா?’ என்று எழுதிக் காட்டினாள். அதன் கீழேயே, ‘அடைப்புதான், தானா விட்டுடும்’ என்று எழுதினேன். அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். மச்சான் ஊரில் இல்லை. நான் ஒன்பது நாள் கழித்துக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் என்னைத் திட்டினார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே சுருதியில், உரக்கச் சொன்னாள்: “அவரைத் திட்டாதீங்க டாக்டர். அவரே கலங்கிப் போயிருக்காரு.”

ஒலி நிகழ்ச்சி நின்றுபோயிற்று. ஆசிரியர் வந்து அழுதார். பக்கத்தை என்னிடமே விட்டுவைத்தார், இரக்கப்பட்டு. நானும் நாலு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரும் எனக்குக் கேட்டுச் சொல்வதில்லை. பாடல் குறிப்பைப் படிக்கிறேன், பாடகர்களின் படத்தைப் பார்க்கிறேன், எழுதுகிறேன். போன வாரம் ஒரு ஆட்டப் பாட்டைப் பற்றி, ‘கால் ஆடுகிறது, கண் அழுகிறது’ என்று எழுதினேன். அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நாற்பது கடிதம் வந்தது. ‘வழக்கம்போல் அருமை.’ ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் நம்பினால் நம்புங்கள், எனக்கு இதில்தான் உண்மையான வருத்தம். அவள் காதே தேவைப்பட்டிருக்கவில்லை. முன்பே தெரிந்திருந்தால் நான் அந்தத் திருகின் பக்கமே போயிருக்க மாட்டேன். அந்த வாசகர்களையும் ஒருநாள் நீங்கள் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

எழுதிக்கொண்டீர்களா? ஈயம் ஒன்றும் செய்யவில்லை. திருகைத் திறந்தவன் நான், வால்யூமைக் கூட்டியவன் நான், ஒன்பது நாள் வைத்திருந்தவன் நான். கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் நீங்கள் மேலே குறித்திருக்கிற ‘கொடுமை’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவளை நான் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை, கை ஓங்கினதில்லை. அவளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாள். நீங்களே போய்க் கேட்டுப் பாருங்கள். வாசலில் நின்று கூப்பிட வேண்டாம், கதவு திறந்துதான் இருக்கும். உள்ளே போய் அவள் எதிரில் நின்று, கேள்வியை ஒரு தாளில் பெரிய எழுத்தாக எழுதிக் காட்டுங்கள்.